வெஞ்சனம் கேட்கிறவள்

சின்னாளப்பட்டியில் நான் பார்சல் கட்டுகிற சேலைக் கடையில் இதுவரை மூன்று பெண்கள் லைவில் நின்றிருக்கிறார்கள். முதலில் வந்தவள் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. இப்போது நிற்பவள் படு கெட்டி. விலையைச் சொல்வாள், நம்பரைச் சொல்வாள், அடுத்த சேலையை எடுப்பாள். நடுவில் ஒருத்தி நின்றாளே, அவளைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

லைவ் என்றால் பெரிய ஏற்பாடு ஒன்றும் இல்லை. கடையின் பின்கட்டில் ஒரு வெள்ளைச் சுவர். அதற்கு எதிரே வளையமாக எரிகிற விளக்கு, வளையத்துக்கு நடுவில் போன். போனுக்கு முன்னால் ஒரு பெண் நின்று சுங்குடிச் சேலைகளை ஒவ்வொன்றாக விரித்துக் காட்ட வேண்டும். எங்கெங்கோ இருக்கிற பெண்கள் அதைத் தங்கள் போனில் பார்த்து, பிடித்த சேலையைப் படம் பிடித்துக் கடைக்கு அனுப்புவார்கள். அந்தச் சேலையைத் தேடி எடுத்து, மடித்து, கவரில் போட்டு ஒட்டுவது என் வேலை. கேமராவுக்குத் தெரியாத மூலையில் தரையில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு அந்த மூலைதான் வசதி. போனில் மூஞ்சியைக் காட்டுவது என்றாலே ஆகாது. என் கல்யாண ஆல்பத்திலேயே பாதிப் படங்களில் குனிந்த தலைதான் இருக்கும்.

அவள் வந்தபோது இருபது, இருபத்தொன்று வயதிருக்கும். ஒல்லி, நல்ல கறுப்பு. கல்லூரியைப் பாதியில் விட்டவள். அவள் வந்த அன்றே முதலாளி பாடம் நடத்தினார்.

"வளவளன்னு பேசப்படாது. சேல, ரேட்டு, நம்பரு. அம்புட்டுத்தான்."

அவளும் தலையாட்டினாள். விளக்கைப் போட்டார்கள். திரையில் முதல் ஆளின் பெயர் வந்தது. அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"செல்வி அக்கா, வாங்க வாங்க. சாப்டீங்களா? என்ன வெஞ்சனம்?"

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிற எல்லாமே வெஞ்சனம்தான். சென்னையிலிருந்தும் சேலத்திலிருந்தும் பார்த்தவர்களுக்கு அது புரியவில்லை. வெஞ்சனம் என்றால் என்ன என்று எழுதிக் கேட்டார்கள். அவள் கையில் பிடித்திருந்த சேலையை மறந்துவிட்டு விளக்கம் சொன்னாள். "கத்தரிக்கா வதக்குனா அது வெஞ்சனம். அவரக்கா பொரிச்சா அது வெஞ்சனம். ஒண்ணுமில்லாட்டி ஒரு துண்டு ஊறுகா வச்சுக்கிறோம்ல, அதுவும் வெஞ்சனந்தாங்க்கா." மறுநாள் அவர்களே வந்து ஒப்பிக்கத் தொடங்கினார்கள். எங்க வீட்ல இன்னைக்கு வாழைக்காய், எங்க வீட்ல வெறும் அப்பளம் என்று வரிசையாக எழுதுவார்கள். கொஞ்ச நாளில் அவளுக்குப் பெயரே வெஞ்சன அக்கா என்று ஆகிவிட்டது. அவள் அம்மா வயதுக்காரர்களும் அக்கா என்றுதான் எழுதினார்கள். வியாபாரம் ஏறியது. தலையில் அடித்துக்கொண்ட முதலாளி இப்போது அவளைக் கும்பிடாத குறைதான்.

ஒரு பெயரையும் அவள் விடமாட்டாள். அதுதான் அவள். திரையில் பெயர்கள் மளமளவென்று ஏறிக்கொண்டிருக்கும். நமக்கென்றால் கண் கூசும். அவள் ஒரு கையால் முந்தியைப் பிடித்துக்கொண்டே, "கோமதி அக்கா வாங்க, பர்வீன் அக்கா வாங்க, ஸ்டெல்லா மேடம் வாங்க, கால் வலி இப்ப எப்புடி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே போவாள். யாருக்குக் கால்வலி, யார் மகன் பரீட்சை எழுதுகிறான், யார் மாமியாரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள் எல்லாம் அவளுக்குத் தெரியும். ஒருவர்கூட நேரில் பார்த்தவர் இல்லை.

திருப்பூரில் ஏதோ ஒரு ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிற பெண் ஒருத்தி தினமும் வருவாள். ஒரு சேலையும் வாங்கியதில்லை. "ஹாய் அக்கா" என்று எழுதுவாள். இவள் பெயரைச் சொல்லி, சாப்பிட்டாயா என்று கேட்பாள். "ஹாஸ்டல் சாம்பார்" என்று பதில் வரும். அவ்வளவுதான். தீபாவளிக்கு முன்னால் கூட்டம் நெரிந்த ஒரு நாளில் அந்தப் பெண்ணின் பெயர் கண்ணில் படாமல் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் அவள் எழுதினாள்: "என் பேரை ஏன் வாசிக்கல? நீங்களும் அப்படித்தானா?"

விரித்த சேலை இவள் கையிலிருந்து நழுவியது. வியாபாரத்தை அப்படியே நிறுத்திவிட்டு, போனுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், அந்தப் பெண்ணின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். "கவனிக்கலம்மா. வேணும்னு விடல. இருக்கியா? சாப்டியா? சொல்லு, இருக்கியா?" அந்தப் பக்கமிருந்து "இருக்கேன்" என்று வரும்வரை அடுத்த சேலையை எடுக்கவில்லை. முதலாளி முகத்தில் கடுகைப் போட்டால் பொரியும். லைவ் முடிந்ததும் பிடித்துக்கொண்டார். "அது என்ன வாங்குது, ஒரு கைக்குட்ட வாங்கிருக்குமா? அதுக்குப் போயி யாவாரத்த நிப்பாட்டுற!"

அவள் விரித்த சேலைகளை மடித்து அடுக்கினாள். பிறகு பார்சல் மூலைக்கு வந்து என்னிடம் சொன்னாள்: "கூப்புடலைன்னா எப்புடி இருக்கும்னு எனக்குத் தெரியும்க்கா."

விளக்கை அணைத்தால் அவளும் அணைந்துவிடுவாள். லைவில் அத்தனை பேச்சுப் பேசியவள், அது முடிந்தால் கடையில் இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாது. நாங்களாக ஏதாவது கேட்டால் "ம்" என்பாள். மத்தியானம் சோற்று டப்பாவைத் திறந்து வைத்து, போனை அதன்மேல் சாய்த்து, முதல்நாள் லைவை மறுபடி போட்டுப் பார்ப்பாள். பார்க்கிறது சேலையையும் இல்லை, அவள் முகத்தையும் இல்லை. ஓரத்தில் ஓடுகிற எழுத்துகளை வாசிப்பாள். யாரையாவது விட்டுவிட்டோமா என்று தேடுவாளாம். சோறு ஆறிக் கட்டியாகிவிடும். ஊரையெல்லாம் சாப்டீங்களா என்று கேட்கிறவளை, சாப்பிடு சாப்பிடு என்று நான் கத்த வேண்டியிருந்தது.

திரையின் மேல் மூலையில் ஒரு கண் படம் இருக்கும். பக்கத்தில் ஓர் எண். அப்போது எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அது காட்டும். அந்த எண் இறங்க இறங்க அவள் குரல் ஏறும். கை தானாகத் தொண்டைக்குப் போகும். ஒரு சனிக்கிழமை ஏதோ கிரிக்கெட் மேட்ச் இருந்தது. பார்க்க ஆளே இல்லை. அன்றைக்கு முழுவதும் அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "எல்லாரும் மேட்ச் பாக்குறாங்கடி, உன்னைய யாரு கோவிச்சுக்கிட்டா?" என்று கேட்டேன். "நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டேனாக்கா?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது. அந்தக் கண்ணை ஒரு துண்டு டேப்பால் ஒட்டி மறைத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்த அக்காக்களுக்கு நடுவில் தேள்களும் இருந்தன. "சேலையைக் காட்டு, உன் மூஞ்சியைக் காட்டாதே" என்று எவனோ எழுதினான். "லைட்டை நல்லாப் போடுங்க, ஆளே தெரியல" என்று இன்னொருவன். அதையும் அவள் விடவில்லை, பெயர் சொல்லி வாசித்தாள். "வாங்கண்ணே, சாப்டீங்களா?" என்று சிரித்தாள். மறுநாளிலிருந்து போனில் ஏதோ ஒரு வசதியைப் போட்டுக்கொண்டாள். முகம் பளபளவென்று வெளுத்துத் தெரிந்தது. அவள் வெளுத்தாள் சரி, கூடவே சேலையும் வெளுத்துவிட்டது. கடுகு மஞ்சள் எலுமிச்சை மஞ்சளாகத் தெரிந்தது, அரக்குச் சேலை ரோஸ் ஆனது. ஆசையாக ரோஸ் கேட்டவர்களுக்கெல்லாம் அரக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த வாரம் நான் கட்டி அனுப்பிய பார்சலில் பாதி திரும்பி வந்து என் மூலையில் மலையாகக் கிடந்தது. முதலாளி போனை வாங்கி அந்த வசதியைத் தானே எடுத்துவிட்டார். பின்கட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவளும் சிரித்தாள். அப்புறம் குழாயடியில் அவள் வெகுநேரம் முகம் கழுவுகிற சத்தம் கேட்டது. எனக்குச் சிரிப்பு நின்றுபோய்விட்டது.

அவளுடைய கதை எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். அப்பா ஒரு சாதி, அம்மா வேறு சாதி, ஓடிப்போய்க் கட்டிக்கொண்டவர்கள். அம்மாவுக்குக் குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு வானம்பார்த்த ஊர். இரண்டு பக்கமும் கைகழுவிவிட்டார்கள். அப்பா செத்ததற்கும் யாரும் வரவில்லை. பிறகு தாயும் மகளும் சின்னாளப்பட்டிக்கு வந்து ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். அம்மா வீட்டிலிருந்தபடியே, சாயத்தில் முக்குவதற்கு முன் சேலைகளுக்குச் சுங்குடி முடிச்சுப் போட்டுக் கொடுப்பாள்.

ஒருநாள் கடை வாசலில் பண்டிகைக் கூட்டம். வெளியே செருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. நான் திட்டிக்கொண்டே காலால் ஒதுக்கினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒதுக்காதீங்கக்கா, கெடக்கட்டும். எங்க வீட்டு வாசல்ல எங்க ரெண்டு சோடியத் தவுத்து வேற செருப்பு கெடந்து நான் பாத்ததே இல்ல."

அவளுக்கு மாப்பிள்ளை அமைந்தது வத்தலகுண்டுக்குப் பக்கம் சேவுகம்பட்டியில். மல்லிகைத் தோட்டக்காரர்கள். தரகர் மூலம் வந்த இடம். பையன் நிதானமானவன், இவள் லைவைப் பார்த்துத்தான் பிடித்ததாம். பேசி முடித்தார்கள். நிச்சயம் பெண் வீட்டுச் செலவு, சின்னாளப்பட்டியில் ஒரு சிறிய மண்டபம் என்று முடிவானது. மாப்பிள்ளையின் அம்மா போகிறபோக்கில் கேட்டார்கள்: "எங்க பக்கம் ஒரு வேன்ல வருவோம். ஒங்க பக்கம் யாரு யாரு வருவாக தாயி?" தப்பான கேள்வி இல்லை, எல்லோரும் கேட்பதுதான். ஆனால் தாய்க்கும் மகளுக்கும் முகத்தில் ஈயாடவில்லை.

நிச்சயத்தில் தட்டு மாற்றும்போது இரண்டு பக்கமும் எதிரெதிரே உட்கார வேண்டும். பெண் பக்கம் தட்டு வாங்க ஒரு தாய்மாமன் வேண்டும். பின்னால் பத்துத் தலையாவது தெரிய வேண்டும். கூப்பிடுவதற்கும் முறை இருக்கிறது. வாயால் சொன்னால் அழைப்பாகாது. பத்திரிகையைத் தபாலில் போட்டால் அது அவமானம். நேரில் போய், வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். தட்டைத் தொட்டுவிட்டால் வந்தே தீர வேண்டும். தொட்டுவிட்டு வராதவர்களோடு தலைமுறைக்கும் பேச்சில்லாமல் போன வீடுகள் உண்டு. நாங்கள் வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். எங்கள் வீட்டிலும் இதே முறைதான்.

அவள் அம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு குஜிலியம்பாறைப் பக்கம் அண்ணன் வீட்டுக்குப் போனாள். உட்காரச் சொன்னார்களாம். தண்ணீர் கொடுத்தார்களாம். தட்டை மட்டும் யாரும் தொடவில்லை. நீட்டிய தட்டை நீட்டியபடியே திரும்பக் கொண்டுவந்தாள்.

மறுநாள் லைவுக்கு அவள் அதே தட்டோடு வந்தாள். வெற்றிலை, பாக்கு, குங்குமம், மஞ்சள் தடவிய பத்திரிகை. சேலை விரிக்காமல் தட்டை இரண்டு கையாலும் போனுக்கு முன்னால் நீட்டிப் பிடித்தாள்.

"செல்வி அக்கா, எனக்கு நிச்சயம் வச்சிருக்கு. குடும்பத்தோட வந்துரணும். கோமதி அக்கா, நீங்க மொத நாளே வந்துரணும். பர்வீன் அக்கா, வாங்கக்கா. தட்டத் தொட்டுக்கங்க."

பார்க்கிறவர்கள் திரையைத் தொட்டால் இந்தப் பக்கம் சிவப்புச் சிவப்பாய் இதயங்கள் மிதந்து மேலே போகும். அன்றைக்கு மழை மாதிரி வந்தன. "கண்டிப்பா வர்றோம் தங்கம்." "நாங்க இருக்கோம்டா உனக்கு." "தாய்மாமன் சீரே நாங்க செய்வோம்." அந்தக் கண்ணுக்குப் பக்கத்திலிருந்த எண் அதுவரை ஏறாத உயரத்துக்கு ஏறியது. முதலாளி பின்னால் நின்று கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒவ்வொரு பெயராகச் சொல்லி, ஒவ்வொரு பெயருக்கும் தட்டைச் செத்த நேரம் அசையாமல் பிடித்திருந்தாள்.  விளக்கை அணைத்த பிறகு என்னிடம் ஓடிவந்தாள். "பாத்தீங்களாக்கா? அம்புட்டுப் பேரும் தொட்டுட்டாக!"

சமையல்காரர் வந்து எத்தனை இலை என்று கேட்டார். இருநூறு என்றாள். நான் பார்சலைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஏண்டி, மாப்ள வீட்ல ஒரு வேனு. நம்ம பக்கம் கூட்டுனா ஒரு ஆட்டோ நெறையாது. எரநூறு எலைய யாருக்குப் போடுவ?"

"நம்ம லைவ் அக்காங்க வாராகல்ல."

"போன்ல வர்றோம்னு எழுதுறது வர்றதாடி? வாய் சர்க்கர, கை கருணக்கெழங்கு. எழுதிட்டு அடுத்த லைவுக்குப் போயிருவாளுக."

"சும்மாவா கூப்ட்டேன்? வெத்தல பாக்கு வச்சு, பேரு சொல்லிக் கூப்ட்டேன்க்கா. தட்டத் தொட்டவக வராம இருப்பாகளா?"

அவள் படித்தவள். போனில் இல்லாத வித்தை எல்லாம் தெரிந்தவள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவள் அம்மாவுடைய ஊர்க்காரியாகத்தான் இருந்தாள். தட்டைத் தொடாத தாய்மாமனை ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டாள். அதே கணக்கில், தொட்டவர்களை அப்படியே நம்பிவிட்டாள். நான் எவ்வளவோ சொல்லியும் இலையைக் குறைக்க முடியவில்லை.

நிச்சயத்தன்று காலை மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு நான்தான் நின்றேன். மாப்பிள்ளை வீட்டு வேன் வந்தது. பூக்காரர்கள் அல்லவா, இறங்கும்போதே வாசல் மணத்தது. சிரித்த முகமாகப் பன்னீர் வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். வலது பக்கம் செருப்புகள் குவிந்தன. பெண் பக்கம் முதலாளியும் அவர் மனைவியும், அதே தெருவில் முடிச்சுப் போடுகிற இரண்டு பெண்கள், அவள் அம்மா, நான். இடது பக்கத்துத் தரை பளிச்சென்று காலியாகக் கிடந்தது. பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் மேடையிலிருந்து தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தாள். மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான், அவனைப் பார்க்கவில்லை.

முதலாளி சும்மா இருப்பாரா? மேடைக்கு எதிரே ஸ்டாண்டைப் போட்டு லைவையும் ஓடவிட்டிருந்தார். அவள் கூப்பிட்ட அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். செல்வி அக்கா, கோமதி அக்கா, ஸ்டெல்லா மேடம். இதயங்கள் சரம் சரமாக மிதந்து போயின. "சூப்பர் ஜோடி." "திருஷ்டி சுத்திப் போடுங்க." திருப்பூர்ப் பெண் மட்டும், "ஹாஸ்டல்ல விடலக்கா, அழுகையா வருது" என்று எழுதியிருந்தாள். இவள் மாப்பிள்ளை வீட்டுப் பட்டுச் சேலையை மாற்றிக் கட்டிக்கொண்டு வந்து நின்றபோது வந்தது பாருங்கள்: "அந்தப் பட்டு என்ன ரேட்?" அடுத்து ஒன்று: "ரேட் ப்ளீஸ்." அடுத்து ஒன்று. முதலாளி பழக்க தோஷத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முறைப்பைப் பார்த்து மூடிக்கொண்டார்.

தட்டு மாற்ற உட்கார்ந்தார்கள். அந்தப் பக்கம் பாய் நிறைய ஆட்கள். இந்தப் பக்கம் நாங்கள் தள்ளித் தள்ளி உட்கார்ந்து பாயை நிரப்பப் பார்த்தோம், நிரம்பவில்லை. மாப்பிள்ளையின் அம்மா ஒருமுறை பார்த்தார்கள். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து இந்தப் பக்கம் வந்து, பெண்ணின் அம்மாவுக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார்கள். தன் தம்பியையும் கையசைத்துக் கூப்பிட்டார்கள். "நீ பொண்ணுக்குத் தாய்மாமனா இருந்து தட்டு வாங்குடா. தட்டு யாரு கையில இருந்தா என்ன, ரெண்டும் நம்ம புள்ளைகதான்." அவர்கள் சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. இதைவிட நல்ல மனசு ஒருத்திக்கு வாய்க்காது. ஆனால் அந்த நேரத்தில்தான் அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. மாப்பிள்ளை வீட்டார் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தார்கள். அப்படியே நினைக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

மிஞ்சிய சோற்றையும் வெஞ்சனத்தையும் அண்டா அண்டாவாக முடிச்சுப் போடுகிறவர்கள் தெருவுக்கு அனுப்பினோம். அன்றைக்கு ஏழு வகை வெஞ்சனம் செய்யச் சொல்லியிருந்தாள்.

ஒரு நாள் விட்டு மறுநாள் லைவுக்கு வந்து நின்றாள். அவர்களும் வந்தார்கள். "சாரி தங்கம், வர முடியல." "மனசெல்லாம் அங்கதான் இருந்துச்சு." "கல்யாணத்துக்குக் கண்டிப்பா." அவள் ஒவ்வொரு பெயரையும் வாசித்து, "பரவால்லக்கா" என்றாள். சேலையை விரித்தாள். முந்தி, பார்டர், பிளவுஸ் துணி, விலை. சாப்டீங்களா என்று கேட்கவில்லை. என்ன வெஞ்சனம் என்று கேட்கவில்லை. நான் கவரை ஒட்டாமல் காத்துக்கொண்டிருந்தேன். மறுநாளும் கேட்கவில்லை, அதற்கு மறுநாளும் கேட்கவில்லை.

என்னம்மா இப்பல்லாம் கேக்குறதில்லை என்று ஒருவராவது எழுதுவார் என்று பார்த்தேன். ஒருவரும் எழுதவில்லை. அந்தக் கண்ணுக்குப் பக்கத்து எண்ணும் இறங்கவில்லை. எனக்கு அந்தப் போனைத் தூக்கி விட்டெறியலாம் போல ஆத்திரமாக வந்தது. அவளோ அமைதியாகத்தான் இருந்தாள். டப்பாவில் இருந்த சோற்றைக் குனிந்த தலையோடு முழுவதும் தின்று முடித்தாள். பழைய லைவைப் போட்டுப் பார்ப்பதையும் விட்டுவிட்டாள்.

கல்யாணம் மாப்பிள்ளையின் ஊர்க் கோயிலில் ஒரு வேலை நாளில் சுருக்கமாக முடிந்தது. அவள் சேவுகம்பட்டிக்குப் போனாள். இந்தக் கெட்டிக்காரி வந்தாள். வியாபாரம் எப்போதும் போல ஓடியது.

போன மாதம் ஒருநாள் நான் மூலையில் உட்கார்ந்து டேப் கிழித்துக்கொண்டிருந்தேன். இந்தப் பெண் ஒரு பச்சைச் சுங்குடியை விரித்துப் பிடித்திருந்தாள். ஆர்டர் நம்பரைக் குறிக்கத் திரையைப் பார்த்தேன். விலை என்ன, வேறு கலர் இருக்கா என்கிற வரிகளுக்கு நடுவில் ஒன்று ஏறி வந்தது. பெயருக்குப் பதில் ஏதோ நான்கு எழுத்து, முகத்துக்குப் பதில் ஒரு மல்லிகைப் பூப் படம்.

"சாப்டியாம்மா? என்ன வெஞ்சனம்?"

கிழித்த டேப்பைக் கீழே போட்டேன். "ஏய், அத வாசிடி" என்றேன், சத்தம் லைவில் கேட்கும் என்பதையும் மறந்து. அவள் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே உதட்டை அசைக்காமல், "எதக்கா? ஆர்டரா?" என்றாள். அதற்குள் அந்த வரி மேலே ஏறிப் போய்விட்டது. எழுந்து நின்று பார்த்தேன். லைவ் முடியும்வரை மறுபடி வரவில்லை.

சாயங்காலம் அந்த வெஞ்சனக்காரியின் அம்மாவைத் தேடிப் போனேன். முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "நல்லாத்தேன் வச்சிருக்காக. ஒரு கொறையும் இல்ல. காடு, பூ மார்க்கெட்டுன்னு எல்லாரும் விடியமுந்திப் போனா பொழுது சாயத்தேன் வாராக. இவ வாயும் வயிறுமா இருக்கால்ல, வேலைக்குப் போவேணாம், வீட்லயே இருன்னுட்டாக. தோட்டத்து வீடு. அக்கம்பக்கம் யாருமில்ல" என்றாள். வீட்டுக்கு எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு நேராகப் போய் வத்தலகுண்டு பஸ் ஏறினேன். போன் பண்ணவில்லை. வர்றோம் என்று சொல்கிற பேச்சே வேண்டாம் என்று தோன்றியது. இறங்கி விசாரித்து, பூக்காட்டு வரப்பில் கொஞ்ச தூரம் நடந்தால் ஓட்டு வீடு ஒன்று தெரிந்தது. நல்ல மத்தியான வெயில். ஒரு சத்தம் இல்லை. வாசலில் ஒரே ஒரு சோடிப் பெண் செருப்பு கிடந்தது. நான் என் செருப்பைக் கழற்றி அதற்குப் பக்கத்திலேயே விட்டேன்.

காலடிச் சத்தம் கேட்டு அவள் வந்தாள். கையில் போன். முகம் கொஞ்சம் ஊதியிருந்தது, வயிறு நன்றாகத் தெரிந்தது. வாசல்படியில் நின்றவள் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கீழே பார்த்துவிட்டாள். அந்த இரண்டு சோடிச் செருப்புகளையும் பார்த்தபடி அப்படியே நின்றாள். ஒரு கை மெல்லத் தொண்டைக்குப் போனது.

"அக்கா, சாப்டீங்களா?" என்றாள்.

"எங்க சாப்ட்டேன்? சாப்புடத்தானடி இம்புட்டுத் தூரம் வந்தேன். என்ன வெஞ்சனம்?"